மீன்களை விரட்டியது நாங்கள்தானாம்

இன்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் நானும் பக்கத்து லயத்து வரிசை வீட்டு மாரியாயியும் அழுக்குத் துணியை எடுத்துக்கொண்டு தேயிலைத் தோட்டத்துக் குளத்துக்குப் போயிருந்தோம்.

கல்லில் நாலு அடி அடிப்பதற்குள் காவல்காரர் முனியாண்டி வந்துவிட்டார்.

"துணிய அடிக்காதீங்க தங்கச்சி. அந்தச் சத்தத்துல மீனெல்லாம் ஓடிப் போயிருச்சாம். ஒரு மாசமா தூண்டில்ல ஒண்ணும் மாட்டலன்னு வெள்ளைக்காரத் தொரை கோவமா இருக்காரு."

அந்த ஒரு மாதமாகத்தான் குளத்தின் நடுவே ஒரு மிஷின் அடிச்சேற்றை வாரிக்கொண்டிருக்கிறது. ஞாயிறும் அதற்கு லீவு இல்லை.

"மிஷினு சத்தம் போடலையாண்ணே?" என்று மாரியாயி கேட்டாள்.

"அது மேலதான கத்துது. மீனு தண்ணிக்கு உள்ளதான இருக்கு."

நான் தலையை அலசத் தண்ணீரில் முங்கினேன். கரையில் உறுமலாகக் கேட்டது உள்ளே இடியாக இருந்தது. பல் கூசியது, நெஞ்சு அதிர்ந்தது. பயந்து எழுந்துவிட்டேன். என்னால் கரையேற முடிந்தது. மீன் எங்கே போகும்?

"நீங்களும் முங்கிப் பாருங்கண்ணே."

தலைப்பாகையை அவிழ்த்து வைத்துவிட்டு முனியாண்டி அண்ணனும் முங்கினார். உடனே எழுந்து, காதைக் குடைந்தபடி மிஷினைப் பார்த்தார்.

"தொரைகிட்டச் சொல்லுவீங்களா?" என்றேன்.

"மிஷினக் கொண்டாந்ததே அவருதான் தங்கச்சி. நீங்க மெதுவாவே தொவைங்க."

சாயங்காலம் உத்தரவு வந்துவிட்டது. நாளையிலிருந்து பெண்கள் யாரும் குளத்தில் துவைக்கக் கூடாதாம். துணியைச் சுமந்துகொண்டு மேட்டில் ஊற்றுத் தண்ணீர் கொட்டும் பீலிக்குத்தான் ஏற வேண்டும். மிஷினுக்கு ஒரு தடையும் இல்லை.

உங்கள் தோட்டத்தில் மீன் ஓடிப்போனால் யாரைப் பிடிக்கிறார்கள்?