வசந்தா பெயர் வைத்த ஃபைல்கள்

வசந்தா போய்விட்டார்.

மதியம் அவருடைய தம்பி போன் செய்து சொன்னார். "அக்கா காலைல தவறிட்டாங்க சார்... உங்க நம்பர் அவங்க போன்ல இருந்துச்சு."

பெரம்பலூரில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் ஆபீஸில் ஆறு வருஷம் பக்கத்துப் பக்கத்து நாற்காலி நாங்கள். தினமும் அரும்பாவூரிலிருந்து பஸ்ஸில் வருவார்.

நாங்கள் எழுதும் புரோகிராம்களின் பழைய காப்பிகளை எல்லாம் சிடியில் போட்டு, பெயர் வைத்து, அலமாரியில் பூட்டி வைப்பது அவர் பொறுப்பு.

பெயரில் முதலில் ஊர், அப்புறம் கஸ்டமர், அப்புறம் வருஷம், மாதம், தேதி, கடைசியில் என்ன மாற்றினோம் என்று ஒரே வார்த்தை. இந்த வரிசை தப்பினால் வாங்கவே மாட்டார்.

நான் 'ஃபைனல்' என்று வைப்பேன். அதைத் திருத்தினால் 'ஃபைனல் நியூ'. மறுபடி திருத்தினால் 'ஃபைனல் நியூ 2'...

"ஏங்க, இவ்ளோ நீளமா பேரு வெச்சா எவன் படிப்பான்?" என்று ஒருநாள் சலித்துக்கொண்டேன்.

"ஆறு மாசம் கழிச்சு நீங்கதான் படிப்பீங்க. வெச்சிட்டுப் போங்க."

ரெட்டிபாளையம் பக்கம் ஒரு யார்டில், சுண்ணாம்புக்கல் லாரிகளை எடை போடும் புரோகிராம் நான் எழுதியது. அதில் ஒரு திருத்தம் செய்தேன். அலமாரிக்குப் போகாமல், என் கம்ப்யூட்டரிலிருந்தே ஒரு 'ஃபைனல்' எடுத்துக்கொண்டு போய் அங்கே போட்டுவிட்டு வந்தேன்.

அது பழையது.

மறுநாள் காலையில், காலி லாரியின் எடையைக் கழிக்காமலே சீட்டு அடித்துக்கொண்டிருந்தது. கேட்டுக்கு வெளியே ரோடு வரைக்கும் லாரிகள்.

முதலாளி கத்தினார். "பழைய காப்பிய யாரு எடுத்துக் குடுத்தது?"

நான் என் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வசந்தா எழுந்து நின்றார். "நான்தான் சார். மாத்திக் குடுத்துட்டேன்."

ரெட்டிபாளையத்துக்கு இருவரும் சேர்ந்துதான் போனோம். சரியான சிடி அவர் பையில். பஸ்ஸில் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று.

"உங்க பேர சொன்னா அந்தாளு இன்னும் அரை மணி நேரம் கத்துவாரு. லாரி நிக்குது. மொதல்ல அதப் பாப்போம்."

பத்து நிமிஷத்தில் சரியானது.

சாயங்காலம் முதலாளி அவரிடமிருந்து அலமாரிச் சாவியை வாங்கி என்னிடம் கொடுத்தார். இனி எல்லாம் நான்தானாம்.

நான் வாங்கிக்கொண்டேன்... வசந்தாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் என் மேஜையில் ஒரு பேப்பர் இருந்தது. எந்த ஊருக்கு என்ன சுருக்கம், எந்த அடுக்கில் எந்த வருஷம்... எல்லாம் அவர் கையெழுத்தில். அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. பின்னால் ஆபீஸை ஒரேயடியாக மூடும் வரைக்கும் அந்தப் பேப்பரை வைத்துத்தான் ஓட்டினேன்.

போன வருஷம் குன்னத்தில் பார்த்தேன். ரொம்ப இளைத்திருந்தார். டயாலிசிஸ்.

"வாரத்துல ரெண்டு நாளு திருச்சிக்குப் போயிட்டு வரேன். வலிகூட பெருசா இல்லங்க... சும்மா படுத்துக் கெடக்கறதுதான் சலிப்பா இருக்கு."

அப்போதாவது அந்தச் சிடி விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்டிருக்கலாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

எங்கள் பழைய முதலாளியும் இங்கே என் நட்பு வட்டத்தில் இருக்கிறார், இந்தப் பதிவைப் படிப்பார். சார், அன்றைக்குப் பழைய காப்பியைப் போட்டது நான். வசந்தா இல்லை.

நாளை காலை அரும்பாவூரில் எடுக்கிறார்கள். கிளம்பிக்கொண்டிருக்கிறேன்.

போயிட்டு வாங்க, வசந்தா...