ஆறுமணிக்குருவியும் யானாம் மருமகளும்

போன வாரம் எங்கள் கரிக்கலாம்பாக்கம் வீட்டு ஜன்னல் கண்ணாடியில் 'டொப்' என்று ஒரு சத்தம். யாரோ கல்லெறிந்துவிட்டார்கள் என்று என் கணவர் சண்டைக்குத் தயாராகி வெளியே போனார். போனவர், "இங்க வந்து பாரேன்" என்று குரலைத் தாழ்த்திக் கூப்பிட்டார்.

செம்பருத்திக்கு அடியில் ஒரு குருவி. பச்சை முதுகு, இறக்கையில் நீலம், அடிவயிற்றில் சிவப்பு, கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை... வாலுக்கு மட்டும் கஞ்சத்தனம். கண்ணாடியில் மோதிய மயக்கத்தில் வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. பிழைக்குமா? பயந்துகொண்டே ஓர் அட்டைப் பெட்டியில் எடுத்து வைத்தோம்.

பக்கத்து வீட்டு பாக்கியத்துக்கு எப்படித்தான் மூக்கில் வியர்க்குமோ, உடனே ஆஜர்.

"எம்மாங் கலருக்கா இது. எங்க வூட்ல கிளிக்கூண்டு சும்மாதான் கெடக்குது. எடுத்தாரட்டா?"

"காட்டுப் பறவைம்மா. கூண்டுல வெச்சா செத்துடும்" என்றார் கணவர்.

"நான் சோறு வெப்பேன் சார். அது இன்னாத்துக்கு சாவுது?"

சொல்லிவிட்டுக் கூண்டை எடுத்து வந்தும் விட்டாள். பாக்கியம் ஒன்றை நினைத்துவிட்டால் தடுக்க இந்தத் தெருவில் ஆளில்லை.

பாக்கியத்தின் மகன் ஆந்திரா பக்கம் இருக்கும் யானாமுக்கு வேலைக்குப் போனவன், அங்கேயே ஒரு பெண்ணை விரும்பிக் கட்டிக்கொண்டான். சிரீஷா. தங்கமான பெண். ஆனால் அவளுக்குத் தமிழ் பாதி, மாமியாருக்குத் தெலுங்கு பூஜ்யம், கோபமோ முழுசு. கல்யாணமானதிலிருந்து பாக்கியம் மருமகளிடம் நேராகப் பேசியதே இல்லை. எதுவானாலும் சுவரிடம்தான் சொல்வாள் - "சோறு ஆறிப்போவுது, துண்றவங்க துண்லாம்."

அந்த சிரீஷாவும் மாமியாரைத் தேடி வந்தாள். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "அய்யோ... பிட்ட" என்றாள்.

சரியாக அதே நேரம், குருவியைப் போட்டோ எடுத்து மொபைலில் தேடிக்கொண்டிருந்த என் கணவர் உரக்கப் படித்தார். "தமிழில் ஆறுமணிக்குருவி. அறிவியல் பெயர், பிட்டா பிராக்கியூரா."

பாக்கியம் கூண்டைக் கீழே வைத்தாள்.

"இன்னா சார், அவ சொன்னது கரீட்டா?"

"பேரினமே அதுதாம்மா. இமயமலை அடிவாரக் காட்டுலேருந்து குளிருக்கு இந்தப் பக்கம் வருது."

பாக்கியம் மருமகளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு, சுவரை விட்டுவிட்டு, அவளிடமே கேட்டாள்: "ஏம்மா, இத்த கூண்டுல வெக்கலாமா?"

சிரீஷாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "வேணாம் அத்தம்மா. பாவம். விட்ருங்க."

"அதான் சொல்ட்டா இல்ல? வுட்ருங்க சார்."

மாமரத்தடியில் பெட்டியைத் திறந்தோம். நாலு தத்து தத்தியது. திடீரென்று எழும்பிக் கரும்புத் தோட்டத்துக்கு மேலே பறந்து மறைந்தது. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

பாக்கியம் சேதி சொல்லத் தெருவுக்குக் கிளம்பியதும் கேட்டேன். "ஜுவாலஜி படிச்சியாம்மா?"

"இல்ல ஆன்ட்டி, பி.காம். எங்க தெலுங்குல குருவின்னாலே பிட்டதான். 'அய்யோ, குருவி'ன்னு சொன்னேன். அவ்ளோதான்."

மொபைலைப் பிடுங்கிப் பார்த்தேன். நிஜம்தான். 'பிட்டா' தெலுங்கிலிருந்து போனது. 'பிராக்கியூரா' என்றால் குட்டை வால். அத்தனை கம்பீரமான பெயரின் அர்த்தம், குட்டைவால் குருவி! யாரோ ஒரு வெள்ளைக்கார துரை ஆந்திரா பக்கம் "இது என்ன?" என்று கேட்டிருப்பார். "குருவிதாங்க, வேற என்ன?" என்று பதில் வந்திருக்கும். பயபக்தியோடு எழுதிக்கொண்டு கப்பலேறியிருப்பார்.

மறுநாள் பாக்கியம் மருமகளின் கையைப் பிடித்து வயல் பக்கம் இழுத்து வந்தாள். "தோ, அந்தக் கொக்குக்கு சயின்ஸ்ல இன்னா பேரும்மா?"

சிரீஷா என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, தன் தெலுங்கிலேயே, "கொங்க, அத்தம்மா" என்றாள்.

"பாத்தியாக்கா?"

பார்த்தேன். உண்மையைப் போட்டு உடைக்க நான் என்ன விஞ்ஞானியா?