விரல் மரத்ததை அக்கா மறைக்கவில்லை

சென்ற ஆண்டு இதே மாதத்தில் அக்காவை ஆம்பூர் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். கடைசி மாதங்களில் அவருக்கு என்ன வைத்தியம் நடந்தது என்று அன்று பலர் கேட்டீர்கள். பதில் சொல்லும் நிலையில் நான் இல்லை. அவருடைய ஒரே தம்பியாக இப்போது எழுதுகிறேன்.

அக்கா ஒடுகத்தூரில் பிறந்தார். அப்பா அங்கே மிஷன் பள்ளி ஆசிரியர். அப்பா இறந்தபோது அக்கா அப்போதுதான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்திருந்தார், நான் மூன்றாம் வகுப்பு. அம்மாவையும் என்னையும் ஆம்பூருக்கு அழைத்து வந்து, டைப்ரைட்டிங் கற்று, தோல் கம்பெனி ஒன்றின் ஆபீசில் சேர்ந்தார். இருபது வருடம் வெளிநாட்டுக் கடிதங்களை டைப் அடித்தார். அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன். வந்த வரன்களையெல்லாம் "தம்பி படிப்பு முடியட்டும்" என்று தள்ளினார். என் படிப்பு முடிந்தபோது வரன் வருவதும் நின்றுவிட்டது. அதற்காக அவர் குறைப்பட்டுக்கொண்டு நான் கேட்டதில்லை.

முகத்துக்காகப் பேச அக்காவுக்கு வராது. பிரியாணி எப்படி என்று கேட்ட போதகரின் மனைவியிடமே, "உப்பு ஜாஸ்தி, கறி மட்டும் நல்லா வெந்திருக்குது" என்றவர்.

சினைப்பையில் வந்த புற்றுநோய்க்கு வேலூரில் ஆபரேஷன் நடந்தது. எட்டு மாதத்தில் நோய் திரும்பி, ஈரலுக்கும் பரவியது. அப்போதுதான் பெரிய டாக்டர் புது மருந்து ஒன்றைப் பற்றிச் சொன்னார்.

"இது இன்னும் சோதனையில இருக்கிற மருந்தும்மா. எவ்வளவு குடுத்தா உடம்பு தாங்கும்னு பாக்கிற கட்டம். குணமாகும்னு நான் சொல்ல முடியாது. நீங்க வேணாம்னு சொன்னாலும் உங்களை நல்லா பாத்துக்குவோம்."

புது மருந்து என்பது மட்டுமே என் காதில் விழுந்தது. கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தேன். அக்கா அதை வாங்கி வைத்துக்கொண்டு, சம்மதத் தாளை இரண்டு முறை படித்துத் தானே கையெழுத்திட்டார்.

பக்கத்துக் கட்டிலில் பேரணாம்பட்டு ஜுபைதா அம்மா இருந்தார். அவருக்கும் அதே மருந்து. ஆங்கிலத் தாளை அவருக்குத் தமிழில் எடுத்துச் சொன்னது அக்காதான். முதலில் சிலருக்குக் குறைவாகக் கொடுத்து, அவர்களுக்குத் தொந்தரவு இல்லையென்றால் அடுத்தவர்களுக்குக் கூட்டுவார்கள். அக்கா முதல் வரிசை. ஜுபைதா அம்மா அடுத்தது.

இரண்டாம் முறை மருந்து ஏறிய பிறகு அக்காவால் ஜாக்கெட் கொக்கியை மாட்ட முடியவில்லை. விரல் நுனிகள் மரத்துவிட்டன. ஆனால் வயிற்று வீக்கம் சற்று வடிந்து, இட்லி இறங்கியது. அந்த நம்பிக்கையில் நான் கெஞ்சினேன்.

"அக்கா, விரலைப் பத்தி டாக்டர்கிட்ட சொல்லாத. மருந்தை நிறுத்திடுவாங்க."

"நிறுத்தட்டும்."

"கொஞ்சம் மரமரப்புதானே, இன்னா ஆயிடப் போவுது?"

அக்கா பக்கத்துக் கட்டிலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நான் வாயை மூடிக்கினா அவங்களுக்கு இதைவிட ஜாஸ்தி ஏத்துவாங்கடா. எனக்கு மட்டும் பயமில்லன்னு நினைக்கிறியா? இன்னும் கொஞ்ச நாள் இருக்கணும்னு எனக்கும்தான் இருக்குது."

சொல்லும்போதே அழுதுவிட்டார். அப்பா இறந்தபோதுகூட என் எதிரில் அழாதவர்.

மறுநாள் டாக்டர் வந்ததும் அவரே சொன்னார். டாக்டர் குண்டூசி நுனியால் ஒவ்வொரு விரலையும் சோதித்து, மருந்தை நிறுத்தினார். ஜுபைதா அம்மாவுக்கு அளவைக் கூட்டவில்லை. நான் இரண்டு நாள் அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து ஏழு வாரம் இருந்தார். கடைசி நாட்களில் ஒருமுறை என் கையைப் பிடித்து, "உன் கை சூடா இருக்குது, தெரியுதுடா" என்றார். ஒரு ஞாயிறு காலை உயிர் பிரிந்தது.

உள்ளதை உள்ளபடி சொன்ன டாக்டருக்கும், முகம் சுளிக்காமல் பார்த்த நர்ஸ் அம்மாக்களுக்கும், ரத்தம் கொடுத்த கம்பெனி நண்பர்களுக்கும், முறை வைத்துக் கஞ்சி கொண்டுவந்த சபைப் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

நன்றி சொல்ல வேண்டிய இன்னொருவர் ஜுபைதா அம்மாவின் மகன். அவர் தாயாரும் இப்போது இல்லை. அக்காவின் அடக்கம் முடிந்து சில மாதம் கழித்து அந்த மகன் பஸ் ஏறி வந்து, அம்மா நாலு மாதம் வீட்டில் நடமாடினார், மகளின் நிக்காவை உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் போனார் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று அவருக்கு ஒரு வார்த்தை பதில் சொல்ல என்னால் முடியவில்லை. இங்கே சொல்லிக்கொள்கிறேன்: நன்றி, தம்பி.