காய்ச்சல் இருக்கையில் எடுத்த ரத்தம்

எண்பதுகளின் தொடக்கத்தில், சேலத்தில் ரத்தப் பரிசோதனைப் படிப்பில் சேர்ந்திருந்தேன். புதிதாக எதைக் கற்றாலும் அந்த வாரமே வீட்டில் கொட்டித் தீர்த்தால்தான் எனக்கு நிம்மதி. ராசிபுரத்தை அடுத்த கிராமத்தில், விளைநிலத்துக்கு நடுவே, காட்டுக்குள் எங்கள் வீடு. பஸ்ஸை விட்டிறங்கிக் கடலைக்காட்டு வரப்பில் நடக்கும்போதே பேச்சை ஆரம்பித்துவிடுவேன். எதிர்கொண்டு வந்து கேட்பவள் தங்கச்சி.

அவளுக்கு அடிக்கடி காய்ச்சல் வரும். வயிறு இழுத்துப் பிடிக்கும், முழங்கால் வீங்கும். இரண்டு மூன்று நாள் சுருண்டு கிடப்பாள். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்து பழைய சோறு கேட்பாள். பள்ளிக்கூடத்துக்குப் பயந்து நடிக்கிறாள் என்பது அப்பாவின் கட்சி. ஒன்பதாவதோடு நிறுத்திவிடுவது என்று முடிவும் செய்திருந்தார்.

டாக்டரிடம் காட்டாமல் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் காய்ச்சலோடு பிள்ளையை வெளியே கூட்டிப் போக மாட்டார்கள். ஒருவேளை அம்மையாக, மாரியாத்தாளாக இருந்துவிட்டால்? தலைமாட்டில் வேப்பிலை, ஊசி ஆகாது. காய்ச்சல் விட்டதும் ஒன்றுவிட்டொரு நாள் மூன்று முறை தலைக்குத் தண்ணீர் ஊற்றி, அதற்கப்புறம் வரும் சந்தை நாளில்தான் அம்மா அவளுக்குக் கனகாம்பரம் வைத்துவிட்டு ராசிபுரம் கூட்டிப் போவார். அதற்குள் இரண்டு வாரம் ஓடியிருக்கும். சிரித்துக்கொண்டு நிற்கும் பிள்ளையின் ரத்தத்தில் என்ன தெரியும்? எல்லாம் சரியாக இருக்கிறது, பரீட்சை பயம்தான் என்று டாக்டர் அவள் கன்னத்தில் தட்டி அனுப்புவார்.

வகுப்பில் இ.எஸ்.ஆர். சொல்லித்தந்த அன்று என்னால் உட்கார முடியவில்லை. உறையாமலிருக்க மருந்து கலந்த ரத்தத்தை மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஏற்றி, செங்குத்தாக நிறுத்தி ஒரு மணி நேரம் விட வேண்டும். சிவப்பணுக்கள் அடியில் இறங்க, மேலே மஞ்சள் நீர் தெளியும். உடம்புக்குள் அழற்சி இருந்தால் அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வேகமாக இறங்கும். அழற்சி தணிந்து ஓரிரு வாரமானால் அந்த வேகமும் போய்விடும். அப்படியென்றால் நாங்கள் இத்தனை காலமும் தப்பான நாளில் அல்லவா ரத்தம் கொடுத்திருக்கிறோம்!

வாத்தியாரிடம் கெஞ்சிக் கூத்தாடி, அடுத்த விடுமுறைக்குக் குழாயும் ஸ்டாண்டும் வாங்கி வந்தேன். போன மறுநாளே அவளுக்குக் காய்ச்சல் கண்டது. ஊசியைப் பார்த்ததும் அம்மா வாசற்படியை மறித்துக்கொண்டு நின்றார். ஆத்தா கோபித்துக்கொள்வாள், படித்த திமிரில் ஆடாதே என்று சத்தம் போட்டார். படுக்கையிலிருந்து தங்கச்சிதான் கையை நீட்டினாள்.

“எடுத்துக்கக்கா. நான் நடிக்கறனா இல்லையான்னு எனக்கே தெரியோணும்.”

அம்மா வழி விட்டார்.

ரேடியோ வைக்கும் பலகையில் குழாயை நிறுத்தினேன். ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாமென்று வந்த அப்பா, சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் விளக்கிக்கொண்டே இருந்தேன்; அவர் காதில் போட்டுக்கொண்டாரா தெரியவில்லை. கண்ணெடுக்காமல் குழாயையே பார்த்தார். ஒரு மணி நேரத்தில் விரலகலம் இறங்க வேண்டிய சிவப்பு பாதிவரை இறங்கியிருந்தது.

“இதை அவளா எறக்க முடியாதில்ல?” என்றார்.

“முடியாதுங்கப்பா. யாராலயும் முடியாது.”

குழாயிடம் சொல்வதுபோல் சொன்னார்: “எனக்கும் இப்பிடித்தான் வரும் சாமி, அவ வயசுல. ஏர் ஓட்டப் பயந்துக்கிட்டுப் படுத்துக்கறேன்னு எங்கப்பன் சாட்டையிலயே போடுவாரு. போவப்போவ, அப்பிடித்தானாட்ட இருக்குதுன்னு நானே நம்பிக்கிட்டேன்.”

கட்டிக்கொண்டு இத்தனை வருஷத்தில் அம்மாவுக்கும் இது தெரியாது. உள்ளே போய், அப்பாவின் துப்பட்டியை எடுத்துவந்து தங்கச்சிக்குப் போர்த்திவிட்டார்.

மறுநாள் காலை, காய்ச்சலோடேயே அவளைச் சேலத்துக்குப் பஸ் ஏற்றினோம். என் வாத்தியார் முன்பே சொல்லிவைத்திருந்த டாக்டர் அங்கேயும் ரத்தம் எடுத்துப் பார்த்தார். வேறு வியாதி இல்லையென்று உறுதிசெய்ய இன்னும் சில சோதனைகள் வேண்டும் என்றார். குடும்பத்தில் வழிவழியாக வந்து வந்து போகும் காய்ச்சல்களும் உண்டு, அடுத்த தடவை வரும்போதே கூட்டி வாருங்கள் என்றார். அப்பாவின் ரத்தத்தையும் எடுத்துக்கொண்டார். நடிப்பு என்ற பேச்சே வரவில்லை.

திரும்பும்போது ஜன்னலோரம் அப்பாவின் தோளில் சாய்ந்திருந்தாள். தூங்குகிறாள் என்றுதான் நினைத்தோம்.

“அப்பா, பத்தாவது போலாமுங்களா?”

“போ சாமி,” என்றார். “காச்சல் வந்தா வாத்தியார்கிட்டச் சொல்லியுடு. நான் வந்து கூட்டியாரேன்.”