கம்பத்தைச் சுற்றிய விமானங்கள்

உடைந்த குட்டி விமானங்களை ஒட்டிக் கொடுப்பது என் தொழில். இதில் நல்ல வாடிக்கையாளர் என்றால் சரியாக ஓட்டத் தெரியாதவர். தச்சநல்லூரில் கடை. ரிமோட்டில் விமானம் விடுகிற நாலு பேர் அங்கே கூடுவார்கள். நிஜ விமானங்கள் உயரமான கம்பங்களைச் சுற்றிப் போட்டி போட்டுப் பறப்பதை செல்போனில் பார்த்துச் சொக்கிப் போவார்கள். ஒருநாள், "நம்மளும் பந்தயம் வைப்போம்வே" என்றார்கள். ஞாயிற்றுக்கிழமைகளை இப்படி யாரிடமாவது பறிகொடுத்தவர்களே, மீதி உங்களுக்குப் புரியும்.

மூன்று கம்பங்கள்

கோடையில் வற்றிய குளத்துக்குள் மூன்று சவுக்குக் கம்பங்களை முக்கோணமாக நட்டு, உச்சியில் சிவப்புத் துணி கட்டினோம். நிஜப் பந்தயத்தில் விமானி உள்ளேயே இருப்பார். கம்பம் அவர் கண்ணெதிரே வரும். நம் ஆள் தூரத்தில், தரையில் நிற்கிறார். விமானம் கம்பத்துக்கு வெளியே திரும்பியதா, உள்ளே குறுக்கு வழியில் வந்ததா என்று அவருக்குத் தெரியாது. அதனால் தூரத்துக் கம்பத்தருகே ஒருவர் ஹெல்மெட் போட்டு நின்று, குறுக்கே வந்தால் கொடி தூக்க வேண்டும். போட்டியில் இல்லாத ஒரே ஆள் நான்தான். வெயிலில் கொடியோடு நின்ற என்னை ஆடு மேய்க்கிற அக்கா வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அண்ணாச்சி, இது எந்தக் கட்சிக் கொடி?"

வானத்தில் வரிசை

நிஜப் பந்தயத்தில் தலைமை விமானம் ஒன்று முன்னே போக, மற்றவை வானத்திலேயே வரிசை கட்டி வரும். அது விலகி மேலே ஏறினால் போட்டி தொடங்கும். அதையும் செய்து பார்த்தோம். பாளையங்கோட்டை கணக்கு டீச்சர் ரோசலின் தலைமை விமானத்தை ஓட்டினார். மற்ற மூவரும் தத்தம் விமானத்தையே பார்த்தார்கள். இரண்டு முட்டிக்கொண்டு என் கடைக்கு வந்து சேர்ந்தன. அன்றிலிருந்து தரையிலிருந்தே ஒவ்வொன்றாகக் கிளப்புகிறோம். டீச்சர் சொன்னார்: "நாற்பது பிள்ளையள வரிசையில நிறுத்திரலாம், இந்த மூணு ஆம்பளையள முடியாது."

உள்ளே இருந்தவர்

பார்க்க நிஜம்போல இருக்க, விமானி இடத்தில் விரலளவு பொம்மை வைக்க வேண்டும் என்று விதி வைத்தோம். பயிற்சியில் வங்கி எழுத்தர் ஆறுமுகத்தின் நீல விமானம் பேச்சுக் கேட்காமல் சூரியனை நோக்கிப் போனது. சத்தம் தேய்ந்தது. பிறகு வெளிச்சம் மட்டும். ஆற்றோர வாழைத் தோட்டத்தில் அதைக் கண்டெடுத்தோம். மூடி திறந்திருந்தது, பொம்மை இல்லை. தோட்டக்காரர் ஒவ்வொரு வாழையடியிலும் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். "வண்டி கெடக்கட்டும்வே, உள்ள இருந்தவரு எங்கன விழுந்தாருன்னு தெரியலையே!"

கடைசித் திருப்பம்

இறுதிப் போட்டி ஆறுமுகத்துக்கும் டீச்சருக்கும். அந்த நீல விமானம் ஆறுமுகம் ஒரு வருஷமாகச் செதுக்கியது. அவர் எதிலும் ஜெயித்துப் பார்க்காதவர். கடைசிச் சுற்றில் அவர்தான் முன்னால். சாயங்கால வெயிலில் நீல இறக்கை பொன்னாகிச் சாய்ந்து, என் தலைக்கு மேல் மிதப்பது போலத் திரும்பியது. எனக்குக் குளமும் தெரியவில்லை, கம்பமும் தெரியவில்லை. சொக்கிப்போன எனக்கு நினைவு வந்தபோது அங்கே கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

கொடி தூக்கவில்லை, அதனால் அவர் ஜெயித்தார். பேசாமல் இருந்திருக்கலாம். குளத்தின் குறுக்கே நடந்து ஆறுமுகத்திடம் போனேன். "கடைசித் திருப்பத்துல நீரு எந்தப் பக்கம் வந்தீருன்னு நான் பாக்கல" என்றேன். அவர் முகம் வாடியது. மேற்கே பார்த்தார். "வெளிச்சம் இருக்குல்லா, டீச்சர்? திரும்பப் பறப்போம்" என்றார். பறந்தார்கள். ஒரு விமான நீளத்தில் டீச்சர் ஜெயித்தார். ஆறுமுகம் என்னிடம் வந்து தோளில் கை வைத்தார்: "அடுத்த தடவ நீரு கம்பத்தப் பாரும்வே, விமானத்த நான் பாத்துக்கிடுதேன்."

மொத்தத்தில், அந்தப் பெரிய பந்தயத்தில் எங்களால் சின்னதாக்க முடிந்தது விமானத்தை மட்டும்தான்.