டேபிள் ஃபேன் யாருக்கு?

வீடியோ காலில் முகம் நின்று நின்று வருகிறதென்று, ஷார்ஜாவிலிருக்கும் அண்ணன் போனில் சொல்லச் சொல்ல, எங்கள் கிழட்டுக் கம்ப்யூட்டரின் பிராசஸர் வேகத்தை இன்று கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன்.

"சூட்டைப் பாத்துக்கிட்டே ஏத்துடா. காத்து நல்லா படணும்."

கம்ப்யூட்டரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, எதிரே டேபிள் ஃபேனை வைத்தேன். சூடு அடங்கியே இருந்தது. வீடியோவில் அண்ணன் முதல்முறையாகத் தடங்கலில்லாமல் சிரித்தான். அப்பாவைக் கூப்பிட்டேன்.

வந்தவர் திரையைப் பார்த்து, "இருப்பா, வெளியில காத்தே இல்ல. விதைநெல்லைத் தூத்திட்டு வந்து பேசுறேன்" என்றார். ஃபேனைக் களத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

"அப்பா, அந்த ஃபேனு..." என்பதற்குள் வாசலைத் தாண்டிவிட்டார். கொஞ்ச நேரத்தில் கம்ப்யூட்டர் கொதித்து அணைந்தது.

தூற்றி முடித்து, முகம் கழுவி, தலை வாரி வந்து உட்கார்ந்தார்.

"ஏன்டா, அதுக்குள்ள போனை வச்சுட்டானா?"

டேபிள் ஃபேன் யாருக்கு? நீங்களாவது சொல்லுங்கள்.