அம்மா எடுத்த லைசென்ஸ்

அப்பா பட்டாளத்தில் இருந்தார். ஒருமுறை லீவில் வந்தபோது மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி, ராஜபாளையத்து வீட்டில் நிறுத்திவிட்டு மறுபடி வடக்கே போய்விட்டார். அவ்வப்போது ஸ்டார்ட் பண்ணி வைக்காவிட்டால் வண்டி கெட்டுப்போகும் என்று ஒர்க்‌ஷாப்காரர் சொன்னார். அந்த வேலையை அண்ணன் எடுத்துக்கொண்டான். முதலில் வாசலில் நிறுத்தியபடியே உறுமவிட்டான். பிறகு தெருமுனை வரை போய்த் திரும்பினான். கொஞ்ச நாளில் மாவு மில்லுக்கே அதில்தான் போனான். அவனுக்கு அப்போது பதினைந்து வயது. நான் ஆரம்பப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன்.

யாரும் தடுக்கவில்லை. “மகன் தலையெடுத்துட்டான், இனி ஒனக்கென்ன கவலை” என்று தெருப் பெண்கள் சொல்லும்போது அம்மாவுக்குப் பெருமையாக இருந்தது. லைசென்ஸ் என்பது லாரி ஓட்டுகிறவர்களுக்கு வேண்டியது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் சொந்தத்தில் ஒரு கல்யாணம் வந்தது. பஸ்ஸில் போகலாம் என்று கிளம்பியவர்களை அண்ணன்தான் நிறுத்தினான். “வண்டி சும்மாதானம்மா நிக்கி. நான் கொண்டுபோய் விடுதேன்.”

பெட்ரோல் டாங்க் மேல் நான் உட்கார்ந்தேன். பின்னால் அம்மா பட்டுச்சேலையில் ஒருபக்கமாக உட்கார்ந்து, சீர் கொடுக்க வாங்கிய எவர்சில்வர் குடத்தை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். வண்டி நின்றால் அண்ணனுக்குக் கால் விரல் நுனிதான் தரையைத் தொடும்.

மம்சாபுரத்துக்குப் பிரியும் விலக்கைத் தாண்டியதும் முன்னால் ஒரு வைக்கோல் வண்டி போனது. பின்னால் வந்த பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. அண்ணன் பதறி இடதுபக்கம் ஒதுங்கினான். சக்கரம் தாரிலிருந்து சரளையில் இறங்கி வழுக்கியது. காலை ஊன்றப் பார்த்தான். எங்கள் மூவரின் கனத்தையும் வண்டியையும் அந்தக் கால் தாங்கவில்லை.

நான் புல்லில் போய் விழுந்தேன். குடம் உருண்டு வாய்க்காலுக்குப் போனது. அம்மாவின் இடது மணிக்கட்டு வண்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டது. அதே பஸ்ஸை நிறுத்தி, அதிலேயே எங்களை ஏற்றிக்கொண்டு போய் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கினார்கள்.

எலும்பு முறிந்திருந்தது. கட்டுப் போட்ட டாக்டர், “யாரும்மா ஓட்டுனது?” என்று கேட்டார்.

அம்மா அண்ணனைக் காட்டினாள்.

“இவனுக்கு என்ன வயசு?”

“பதினஞ்சு.”

“அவன் சின்னப்பய. நீங்க எதுக்கும்மா ஏறி உக்காந்திய?”

வீடு வந்து சேரும்வரை அண்ணன் அழுதுகொண்டே வந்தான்.

அடுத்த லீவில் வந்த அப்பா அவனை அடிப்பார் என்று பயந்துகொண்டிருந்தோம். அவர் கையை ஓங்கியபோது அம்மா குறுக்கே வந்தாள்.

“அவன் மேல தப்பில்ல. நான்தான் ஏறுனேன். இந்த வண்டிய வித்துட்டு சின்ன மொபெட் ஒண்ணு வாங்குங்க. அவனுக்குப் பதினெட்டு முடியிற வரைக்கும் நான் ஓட்டுதேன்.”

“நீயா?”

“ஏன், எனக்கு வயசு பத்தலையா?”

அப்பா சிரித்துவிட்டார். ஆனால் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

ஓட்டக் கற்றுக்கொடுத்தது அண்ணன்தான். மில்லுக்குப் பின்னால் இருந்த பொட்டலில் கேரியரைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுவான். “கையப் பாக்காதம்மா, ரோட்டப் பாரு” என்று கத்துவான். ஒருநாள் அம்மா வேலிமுள்ளில் போய் விழுந்தாள். எலும்பு ஒட்டியிருந்த மணிக்கட்டு மறுபடி வீங்கியது. “போதும்மா, வேண்டாம்” என்றான். “ஒங்கிட்ட யாரு கேட்டா? வண்டியத் தூக்குலே” என்றாள் அம்மா.

லைசென்ஸ் டெஸ்டில் எட்டுப் போடும்போது முதல் தடவை காலை ஊன்றிவிட்டாள். ஒரு மாதம் கழித்து மறுபடி போய் வாங்கி வந்தாள். எங்கள் தெருவில் முறையாக லைசென்ஸ் எடுத்த முதல் ஆள் அவள்தான் என்று நினைக்கிறேன்.

அம்மாவுக்குப் பின்னால் உட்கார்ந்து போவது அண்ணனுக்குப் பெரிய அவமானமாக இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு ஒரு தெரு முன்னாலேயே இறங்கிக்கொள்வான். அம்மா அதைப் பற்றி ஒன்றும் கேட்கமாட்டாள். சாவியை மட்டும் இடுப்பில் செருகியே வைத்திருந்தாள். அவன் வயசுப் பையன்கள் வண்டியில் புழுதி கிளப்பிக்கொண்டு போகும்போது வாசலில் நின்று பார்ப்பான்.

பதினெட்டு முடிந்ததும் அவனும் முறைப்படி லைசென்ஸ் எடுத்தான். அன்றைக்கு அம்மா அவன் பின்னால் ஏறினாள். தளவாய்புரம் வரை போய்வந்தார்கள். அவன் ஓட்டிய வேகத்தில் சைக்கிள்காரர்கள் முந்திக்கொண்டு போனார்களாம். “இப்டிப் போனா எப்பம்லே போய்ச் சேர?” என்று வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்ததாக அம்மா சொன்னாள்.